வாசகர் கேள்வி பதில்: 1972இல் ஒரு போட்டியிலும் தோற்காத மியாமி அணி

சென்ற இதழில் ஹட்டன் வாசகர் ஒருவர், ஒரு பருவகாலம் முழுவதும் எந்தப் போட்டியிலும் தோற்காமல் வெற்றிக்கிண்ணம் வரை போன தொழில்முறை அணி உலகில் உண்டா என்று கேட்டிருந்தார். அமெரிக்க உதைபந்தாட்டத்தில் மியாமி டொல்பின்ஸ் அணி 1972ஆம் ஆண்டுப் பருவகாலத்தில் ஆடிய 17 போட்டிகளிலும் வென்றது என்று இரண்டு வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த இரண்டு வரி போதாது என்று டிக்கோயாவிலிருந்து ஹப்புத்தளை வரை வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. பல வருடங்களாக நான் ஆசையோடு படித்துவரும் பருவகாலம் அது. அவசரத்தில் கடந்துபோனதற்கு ஈடாக இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

உயர்தர மாணவர், டிக்கோயா

கேள்வி: உதைபந்தாட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள், ஐயா. ஆனால் படங்களில் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டல்லவா ஓடுகிறார்கள்? இது றக்பியின் இன்னொரு வகையா?

பதில்: றக்பியின் வயிற்றில் பிறந்த பிள்ளை என்று சொல்லலாம். நம் மலையகத்துக்கு றக்பி பழக்கமான ஆட்டம்தான். தோட்டத் துரைமார் திம்புள்ள கழகத்துக்காக ரதல்லயிலும், டிக்கோயா மஸ்கெலியா கழகத்துக்காக தரவளையிலும் ஆடிய நாட்களில் மைதானத்து மேட்டில் நின்று பார்த்த சிறுவர்களில் நானும் ஒருவன். அந்த ஆட்டத்தைப் பார்த்த கண்ணுக்கு அமெரிக்க ஆட்டத்தில் மூன்று விடயங்கள் புதிதாகத் தெரியும். முதலாவது, றக்பியில் குற்றமாகிய முன்னோக்கிய எறிதல் இங்கே ஒவ்வொரு நகர்விலும் ஒரு தடவை அனுமதிக்கப்படுகிறது. அதை எறிகிறவர்தான் குவார்ட்டர்பேக் என்னும் தாக்குதலின் தலைவர். இரண்டாவது, பந்து கையில் இல்லாத எதிராளியையும் உடம்பால் தடுத்து நிறுத்தலாம். மூன்றாவது, 11 பேர் கொண்ட அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்ட் முன்னேறவேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும், இல்லையேல் பந்து மறுபக்கம் போய்விடும். எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்க்கும் டச்டவுனுக்கு 6 புள்ளி, அதன்பின் கம்பங்களுக்கிடையே உதைத்தால் இன்னும் 1, ஆட்டத்தின் நடுவே பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்துப் போட்டால் 3. தாக்குவதற்கு ஒரு வரிசை, தற்காப்பதற்கு வேறொரு வரிசை என்று ஆட்களே மாறிமாறி இறங்குவார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பதில்களுக்கு அது தேவை.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பண்டாரவளை

கேள்வி: அந்த அணி அதற்கு முன்னரும் பெரிய அணியாகத்தான் இருந்ததா?

பதில்: மியாமி அணி தொடங்கப்பட்டதே 1966இல்தான். 1969இல் 14 போட்டிகளில் 3 வெற்றி, 10 தோல்வி, 1 சமநிலை என்ற நிலையில் கிடந்தது. 1970இல் டொன் ஷூலா பயிற்றுநராக வந்தார். வந்த கையோடு வீரர்களை நாளுக்கு நான்கு தடவை பயிற்சிக்கு இறக்கினார். பருமனான தடுப்பு வீரர்கள்கூட 12 நிமிடம் நிறுத்தாமல் ஓடிக்காட்டவேண்டும் என்று விதித்தார். அந்த வருடமே அணி 10 போட்டிகளில் வென்றது. அடுத்த பருவகாலத்தில் சுப்பர் போல் எனப்படும் இறுதிப்போட்டிவரை சென்று, 1972 ஜனவரி 16இல் நியூ ஓர்லியன்ஸ் நகரில் டலஸ் கவ்போய்ஸ் அணியிடம் 24க்கு 3 என்று தோற்றது. ஒரு டச்டவுன்கூட எடுக்கமுடியாத தோல்வி அது.

ஷூலாவுக்கு அது இரண்டாவது காயம். 1969 ஜனவரியில் அவர் போல்டிமோர் கோல்ட்ஸ் அணியின் பயிற்றுநராக, வெல்வது உறுதி என்று எல்லோரும் எண்ணியிருந்த இறுதிப்போட்டியில் நியூயோர்க் ஜெட்ஸ் அணியிடம் 16க்கு 7 என்று தோற்றிருந்தார். பெரிய போட்டியை வெல்லத் தெரியாதவர் என்ற பேச்சு அவர் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டேயிருந்தது. 1972ஆம் ஆண்டுப் பருவகாலத்தை அந்த இரண்டு தோல்விகளோடு சேர்த்துத்தான் நான் எப்போதும் வாசிப்பேன்.

தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளர், மஸ்கெலியா

கேள்வி: அணியின் முக்கிய வீரர் இடையிலேயே கால் முறிந்து வெளியேறிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பிறகு எப்படித் தொடர்ந்து வென்றார்கள்? அவருடைய இடத்துக்கு வந்தவர் யார்?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

1972 ஒக்டோபர் 15ஆம் திகதி, மியாமியின் ஓரஞ்ச் போல் மைதானம், எதிரணி சன் டியேகோ சார்ஜர்ஸ். அதுவரை நான்கு போட்டிகள், நான்கு வெற்றிகள். ஐந்தாவது போட்டியின் தொடக்கத்தில் குவார்ட்டர்பேக் பொப் கிரீசி பந்தை எறிந்துகொண்டிருந்த நொடியில் எதிரணியினர் இருவர் அவர் மீது விழுந்தார்கள். வலது காலின் எலும்பு முறிந்து கணுக்காலும் விலகியது. 27 வயதான கிரீசிதான் தாக்குதலின் மூளை. அவரைத் தூக்கிச் சென்றபோது மைதானத்தில் இருந்தவர்களுக்கு அந்த வருடம் முடிந்துவிட்டதாகவே தோன்றியிருக்கும்.

அப்போது வாங்கிலிருந்து எழுந்து வந்தவர் ஏர்ல் மோரல். வயது 38. தலைமுடியை மட்டமாக ஒட்ட வெட்டியிருப்பார். படத்தில் பார்த்தால் மற்ற வீரர்களின் தகப்பன் சீருடை அணிந்து வந்ததுபோல இருக்கும். 1956இலிருந்து ஆடிவந்த அவர், அணிவிட்டு அணி மாறிப் பெரும்பாலும் இன்னொருவருக்குப் பதிலாள் என்றே வாழ்க்கையைக் கழித்தவர். அந்த வருடம் போல்டிமோர் அணி அவரை வேண்டாமென்று விடுவித்தபோது, மியாமி 100 டொலர் கட்டணம் செலுத்தி எடுத்துக்கொண்டது. எடுக்கச் சொன்னவர் ஷூலா.

ஷூலா ஏன் அவரைத் தேடினார் என்பதில்தான் கதையின் உயிர் இருக்கிறது. 1968இல் போல்டிமோரில் ஜோனி யுனைட்டஸ் என்ற மாபெரும் வீரருக்கு முழங்கையில் காயம்பட்டபோது, அவருக்குப் பதிலாக இறங்கியவர் இதே மோரல். பயிற்றுநர் இதே ஷூலா. அந்த வருடம் போல்டிமோர் 14இல் 13 போட்டிகளில் வென்றது, லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருதும் மோரலுக்குக் கிடைத்தது. அதன்பின் வந்ததுதான் மேலே சொன்ன ஜெட்ஸ் அணியுடனான இறுதிப்போட்டி. முதற்பாதி முடியும் தறுவாயில் அவருடைய அணியின் ஜிம்மி ஓர் என்ற வீரர் எல்லைக்கோட்டருகே காப்பதற்கு ஆளில்லாமல் தனியாக நின்று கையை அசைத்துக்கொண்டிருந்தார். மோரலின் கண் அவர்மீது படவில்லை. வேறொருவரை நோக்கி எறிந்த பந்தை எதிரணி இடைமறித்துப் பிடித்துக்கொண்டது. அந்த ஒரு எறிதலை அமெரிக்கர்கள் நான்கு வருடங்களாக அவருக்கு நினைவூட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்படிப்பட்ட மனிதர், கிரீசி விழுந்த அதே போட்டியில் இரண்டு டச்டவுன்களுக்குப் பந்தெறிந்தார். மியாமி 24க்கு 10 என்று வென்றது. அடுத்த வாரம் பஃபலோ அணியை 24க்கு 23 என்று ஒரே புள்ளியால் தாண்டினார்கள். அதற்கடுத்த வாரம் அவரை வேண்டாமென்ற போல்டிமோரை, அவர்களுடைய மைதானத்திலேயே 23க்கு 0 என்று வென்றார்கள். வழக்கமான பருவகாலத்தின் மிகுதி 9 போட்டிகளையும் மோரல்தான் தொடங்கினார். ஒன்றிலும் தோற்கவில்லை. அதன்பின் நொக்அவுட் சுற்றில் கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் அணியை 20க்கு 14 என்று வென்ற போட்டியையும் அவர்தான் நடத்தினார்.

பிட்ஸ்பர்க்கில் நடந்த அரையிறுதியின் இரண்டாம் பாதியில், காயம் ஆறியிருந்த கிரீசியை ஷூலா மீண்டும் இறக்கினார். இறுதிப்போட்டியையும் கிரீசியே தொடங்குவார் என்று முடிவுசெய்தார். தோற்காத அணியை இரண்டு மாதங்களுக்கு மேலாகச் சுமந்துவந்தவரிடம், மீண்டும் வாங்கில் உட்கார் என்று சொல்ல எந்தப் பயிற்றுநருக்கும் நெஞ்சு கனத்திருக்கும். மோரல் அந்த முடிவு தனக்கு உடன்பாடில்லை என்பதை மறைக்கவில்லை; ஆனால் அணிக்குள் ஒரு பிளவும் வரவிடாமல் ஒதுங்கி நின்றார். இந்த 17 வெற்றிகளுக்கும் ஒரே ஓர் ஆளின் பெயரைச் சொல்லும்படி என்னைக் கேட்டால், நான் மோரலைத்தான் சொல்வேன்.

கொழுந்து பறிக்கும் வாசகி ஒருவர், தலவாக்கலை

கேள்வி: என் மகன் இணையத்தில் பார்த்துவிட்டு, அந்த அணியின் தற்காப்புக்குப் பெயரில்லாதவர்கள் என்று பட்டம் இருந்ததாகச் சொல்கிறான். உண்மையா ஐயா? ஏன் அப்படி அழைத்தார்கள்?

பதில்: உண்மைதான் அம்மா. டலஸ் அணியின் பயிற்றுநர் டொம் லண்ட்ரி, 1972 ஜனவரியில் நடந்த அந்த இறுதிப்போட்டிக்கு முன்னர், மியாமித் தற்காப்பாளர்களின் பெயர்கள் தனக்கு நினைவுக்கு வரவில்லை என்ற பொருளில் பேசினார். பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. அவமதிப்பாகத் தொடங்கிய அந்தப் பட்டத்தை வீரர்களே தங்கள் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள்.

நம் தோட்டங்களில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மழையில் நனைந்து மடுவத்துக்கு வந்து, தராசில் கொழுந்துப் பையைத் தொங்கவிட்டு, கணக்கெழுதுகிறவர் முழுப்பேர் போடப்போகிறாரா அரைப்பேர் போடப்போகிறாரா என்று அவர் பேனாவின் முனையையே பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த ஒரு நிமிடம் என் தாயின் முகத்தில் எப்படி இருந்தது என்பது இன்னும் எனக்குத் தெரிகிறது. அதனால் பெயரில்லாதவர்கள் என்ற சொல்லை வாசித்தபோது எனக்கு அது வெறும் விளையாட்டுப் பட்டமாகத் தோன்றவில்லை. அவர்களுக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயர்களை இங்கே எழுதவும் வேண்டும்.

தற்காப்பின் நடுவில் நின்று கட்டளையிட்டவர் நிக் புவனிகோண்டி. அந்த இடத்துக்கு உயரம் போதாதவர் என்று தொடக்கத்தில் ஒதுக்கப்பட்டவர். முன்வரிசையில் மனி பெர்ணான்டஸ், பில் ஸ்டன்ஃபில், வேர்ன் டென் ஹேர்டர். பின்வரிசையில் ஜேக் ஸ்கொட், டிக் அண்டர்சன். இவர்களை ஒழுங்கமைத்தவர் பில் ஆன்ஸ்பார்ஜர் என்ற துணைப்பயிற்றுநர். அவருடைய புகழ்பெற்ற திட்டத்துக்கு 53 என்று பெயர். பொப் மதெசன் என்ற வீரரின் சட்டை இலக்கம் அது. மதெசன் முன்னால் பாய்ந்து வருவாரா, பின்வாங்கிப் பந்தைத் தடுப்பாரா என்பது எதிரணிக்குக் கடைசி நொடிவரை தெரியாது. நொக்அவுட் சுற்றுக்கு முந்திய வழக்கமான பருவகாலத்தின் 14 போட்டிகளில் மியாமிக்கு எதிராக எடுக்கப்பட்ட புள்ளிகள் 171தான். லீக்கிலேயே குறைந்த எண்ணிக்கை அது.

தாக்குதல் பக்கத்தில், ஓடுகிறவர்களுக்கு வழி திறந்துவிட்ட ஐவரைப்பற்றி உங்கள் மகனிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஜிம் லேங்கரை கிளீவ்லண்ட் அணி கழித்துவிட்டிருந்தது. லரி லிட்டிலை சன் டியேகோ கைமாற்றிவிட்டது. பொப் கூச்சன்பர்க் வேறு அணிகளில் இடம் கிடைக்காமல் சிறிய அரைத்தொழில்முறை ஆட்டம்வரை இறங்கிப்போனவர். இவர்களோடு நோர்ம் எவன்ஸ், வேய்ன் மூர். வேண்டாமென்று தள்ளப்பட்ட கற்களை எடுத்து மொன்டி கிளார்க் என்ற பயிற்றுநர் கட்டிய சுவர் அது. அந்தச் சுவரின் பின்னால் ஓடித்தான் அணி அந்த வருடம் 2,960 யார்ட் கடந்தது. அதுவரை எந்த அணியும் ஒரு பருவகாலத்தில் அவ்வளவு தூரம் ஓடியதில்லை. லேங்கரும் லிட்டிலும் பின்னர் அந்த ஆட்டத்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள். தடுப்பு வீரன் பந்தைத் தொடுவதே அபூர்வம். அவன் செய்த வேலை இன்னொருவனின் கணக்கில்தான் எழுதப்படும்.

வாசகர், பதுளை

கேள்வி: 14 போட்டிகளின் முடிவுகளையும் தரமுடியுமா?

பதில்: எல்லாவற்றையும் அடுக்கினால் இடம் போதாது. செப்டெம்பர் 17இல் கன்சாஸ் சிற்றியை 20க்கு 10 என்று வென்று தொடங்கி, டிசெம்பர் 16இல் போல்டிமோரை 16க்கு 0 என்று வென்று முடித்தார்கள். மிகப்பெரிய வெற்றி நியூ இங்கிலாந்துக்கு எதிராக 52க்கு 0. கழுத்துவரை தண்ணீர் வந்த போட்டிகள் மூன்று: மினசோட்டாவுடன் 16க்கு 14, பஃபலோவுடன் 24க்கு 23, ஜெட்ஸ் அணியுடன் 28க்கு 24. மினசோட்டாப் போட்டியின் கடைசிக் கால்பகுதியில் 14க்கு 6 என்று பின்தங்கியிருந்து, காரோ யெப்ரீமியன் 51 யார்ட் தூரத்திலிருந்து உதைத்த 3 புள்ளியாலும், முடிவதற்குச் சற்று முன்னர் ஜிம் மண்டிச் பிடித்த டச்டவுனாலும் தப்பினார்கள். மொத்தம் எடுத்த புள்ளிகள் 385.

வாசகர், நுவரெலியா

கேள்வி: எதிரணிகள் பலவீனமாக இருந்ததால்தான் தோற்கவில்லை என்று சிலர் எழுதுகிறார்களே?

பதில்: அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை மறைப்பது முறையாகாது. அந்த 14 போட்டிகளில், வெற்றிகள் தோல்விகளைவிட அதிகமாக உள்ள அணிகளைச் சந்தித்தது இரண்டே தடவை: கன்சாஸ் சிற்றியும் நியூயோர்க் ஜயன்ட்ஸும். இரண்டும் 8 வெற்றி, 6 தோல்வி பெற்றவை. ஹியூஸ்டன் அணி அந்த வருடம் வென்றது ஒரேயொரு போட்டி. இறுதிப்போட்டிக்கு முன்னர் பந்தயக்காரர்கள் மியாமியைவிட வாஷிங்டன் ரெட்ஸ்கின்ஸ் அணிக்கே சிறிது முன்னிடம் கொடுத்ததற்கும் இதுவே காரணம்.

ஆனால் அட்டவணையை அணி எழுதுவதில்லை. நொக்அவுட் சுற்றில் எதிர்ப்பட்ட கிளீவ்லண்ட் 10 போட்டிகளிலும், பிட்ஸ்பர்க்கும் வாஷிங்டனும் 11 போட்டிகளிலும் வென்று வந்தவை. அந்த மூன்றையும் மியாமி வென்றது. அதைவிட, பலவீனமான அணியிடம் ஒரு மழை நாளில், ஒரு சோம்பல் நாளில் தோற்பது எல்லாப் பெரிய அணிகளுக்கும் நடந்திருக்கிறது. 17 ஞாயிறுகளில் ஒன்றில்கூடச் சோம்பாமல் இருப்பது இலேசான காரியமா?

மேலே ஞாயிறு என்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்: நவம்பர் 27இல் நடந்த சென் லூயிஸ் போட்டி ஒரு திங்கட்கிழமை, போல்டிமோருடனான கடைசிப் போட்டி ஒரு சனிக்கிழமை.

பாடசாலை விளையாட்டுப் பொறுப்பாசிரியர், ஹட்டன்

கேள்வி: ஒரு போட்டியிலும் தோற்காத அணி ஏன் அரையிறுதியை எதிரணியின் மைதானத்தில் ஆடியது?

பதில்: அன்றைய விதி அப்படி. அரையிறுதி எங்கே நடப்பது என்பது பெறுபேற்றைப் பார்க்காமல், பிரிவுகளுக்கிடையே வருடாவருடம் சுழற்சிமுறையில் மாறியது. 1975இலிருந்துதான் சிறந்த பெறுபேறுள்ள அணிக்குச் சொந்த மைதானம் என்ற விதி வந்தது. அதனால் 1972 டிசெம்பர் 31இல் மியாமி பிட்ஸ்பர்க்குக்குப் போகவேண்டியதாயிற்று.

மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அந்தப் போட்டியில் ஒரு காட்சி இருக்கிறது. மியாமி 7 புள்ளி பின்தங்கியிருந்தபோது, பந்தைத் தூர உதைத்து எதிரணிக்குக் கொடுக்கவேண்டிய கட்டம். உதைப்பதற்கு வந்தவர் லரி சைப்பிள். எதிரணியினர் உதை நிச்சயம் என்று நம்பி, முதுகைக் காட்டித் தங்கள் பக்கம் ஓடத் தொடங்கியதை அவர் கண்டார். உதைக்கவில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டே அவர்களுக்குப் பின்னால் 37 யார்ட் ஓடினார். சற்று நேரத்தில் மோரல் எறிந்த பந்தை லரி ஸொங்கா எல்லைக்கோட்டுக்குள் கொண்டுபோய்ச் சமப்படுத்தினார். இறுதியில் 21க்கு 17 என்று மியாமி வென்றது. கண்ணால் கண்டதை நம்பி அந்த நொடியிலேயே முடிவெடுத்த சைப்பிளின் துணிவு இல்லாவிட்டால், இன்று நாம் இந்த அணியைப்பற்றிப் பேசிக்கொண்டிருக்கமாட்டோம்.

8ஆம் தர மாணவன், புசல்லாவை

கேள்வி: இறுதிப்போட்டியில் ஒருவர் வேடிக்கையான பிழை விட்டாராமே. அதைச் சொல்லுங்கள்.

பதில்: சொல்கிறேன் தம்பி. ஆனால் அந்த மனிதருக்கு அது வேடிக்கையாக இருக்கவில்லை என்பதையும் சேர்த்துக் கேள்.

1973 ஜனவரி 14, லொஸ் ஏஞ்சலிஸ் மைதானம், 90,000க்கும் மேற்பட்ட சனம், ஜனவரி மாதத்திலும் சுட்டெரிக்கும் வெயில். நமக்கு அது பொங்கலை ஒட்டிய ஒரு நள்ளிரவு தாண்டிய நேரம்; இலங்கைக்குத் தொலைக்காட்சி வர இன்னும் ஆறு வருடம் இருந்தது. முதற்பாதியில் ஹவார்ட் டுவில்லியும் ஜிம் கிக்கும் ஆளுக்கொரு டச்டவுன் எடுக்க, மியாமி 14க்கு 0 என்று முன்னின்றது. ஜேக் ஸ்கொட் எதிரணியின் பந்தை இரண்டு தடவை இடைமறித்தார். இரண்டாவதை எல்லைக்கோட்டுக்குள்ளேயே பிடித்து 55 யார்ட் ஓடிவந்தார். ஆட்டநாயகன் விருது அவருக்கே போனது.

முடிய இரண்டு நிமிடத்துக்குச் சற்றே அதிகமாக இருந்தபோது, யெப்ரீமியன் 3 புள்ளிக்காக உதைக்க வந்தார். சைப்பிரஸ் தீவில் ஆர்மேனியக் குடும்பத்தில் பிறந்த, உருவத்தில் சிறிய மனிதர். அமெரிக்காவுக்கு வந்த பிறகே இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டவர். அந்த உதை போயிருந்தால் 17க்கு 0 என்று முடிந்து, 17 போட்டிகளில் 17 வெற்றி என்ற கணக்கோடு அழகாகப் பொருந்தியிருக்கும். பந்து தாழ்வாகப் போய் எதிராளியின் கையில் பட்டு, உருண்டு அவரிடமே திரும்பி வந்தது. அதன்மேல் விழுந்து படுத்துக்கொண்டிருந்தால் போதும். அவரோ எடுத்து ஓடினார்; எறிவதற்குக் கையை உயர்த்தினார். பந்து விரல்களிலிருந்து வழுக்கி நேரே மேலே எழும்பியது. அவர் பதறி மறுபடி தட்டிவிட, அதை வாஷிங்டனின் மைக் பாஸ் பிடித்து 49 யார்ட் ஓடிப்போய் டச்டவுன் போட்டார். 14க்கு 7. பதிவில் அந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. 16 போட்டிகளின் உழைப்பு ஒரு சின்ன மனிதரின் வியர்த்த விரல்களில் நழுவுகிறது. அவர் வரம்புக்கு வெளியே வந்து, யார் முகத்தையும் பார்க்கமுடியாமல் நிற்கிறார்.

அவரைக் காப்பாற்றியவர்கள் அந்தப் பெயரில்லாத் தற்காப்பாளர்கள்தான். வாஷிங்டனுக்குக் கடைசியாகப் பந்து கிடைத்தபோது, அதன் குவார்ட்டர்பேக் பில்லி கில்மரை டென் ஹேர்டரும் ஸ்டன்ஃபில்லும் வீழ்த்த, நேரம் முடிந்தது.

வாசகர், கொட்டகலை

கேள்வி: அதன்பின் வேறு அணி எதுவும் இதைச் சாதிக்கவில்லையா?

பதில்: இந்த லீக்கில் இன்றுவரை இல்லை. மிக அருகில் வந்தது 2007ஆம் ஆண்டுப் பருவகாலத்தின் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். 18 போட்டிகளைத் தொடர்ந்து வென்று, இறுதிப்போட்டியில் ஜயன்ட்ஸிடம் 17க்கு 14 என்று தோற்றது. அதற்கு வெகுமுன்னர், 1934இலும் 1942இலும் சிக்காகோ பெயார்ஸ் தோல்வியில்லாமல் இறுதிக்குப் போய் அங்கே தோற்றிருக்கிறது.

தாதி உத்தியோகத்தர், ஹப்புத்தளை

கேள்வி: இவ்வளவு மோதுகிற ஆட்டத்தில் ஆடியவர்களின் பிற்கால உடல்நிலை எப்படி இருந்தது?

பதில்: வருத்தத்தோடுதான் பதில் எழுதவேண்டியிருக்கிறது. தலையில் திரும்பத்திரும்ப விழும் அடிகளால் மூளை மெல்லமெல்லச் சிதையும் ஒரு நோய் இந்த ஆட்டக்காரர்கள் பலருக்கு வந்திருக்கிறது; இறந்தபின் மூளையை ஆராய்ந்தே அதை உறுதிசெய்ய முடிகிறது. 2014இல் இறந்த மோரலின் மூளையில் அந்த நோய் மிக முற்றிய நிலையில் இருந்தது தெரியவந்தது. நினைவு தடுமாறத் தொடங்கிய புவனிகோண்டி, இறந்தபின் தன் மூளையை ஆய்வுக்குக் கொடுப்பதாக 2017இல் தானே அறிவித்தார்; 2019இல் இறந்தார்.

புவனிகோண்டிக்கு அதற்கு முன்னரே ஒரு பெருந்துயரம் நேர்ந்திருந்தது. 1985இல் அவருடைய மகன் மார்க், கல்லூரி அணிக்காக இதே ஆட்டத்தை ஆடியபோது கழுத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே அசைவிழந்தார். தகப்பனும் மகனும் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. முள்ளந்தண்டுக் காயத்துக்கு மருந்து காண்பதற்கென மியாமியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அதே வருடம் உருவானதில் அவர்களின் பங்கு பெரியது. அதற்காக இருவரும் ஊர் ஊராகச் சென்று கோடிக்கணக்கில் நிதி திரட்டினார்கள். பாடசாலை மைதானங்களில் தலையில் அடிபட்ட பிள்ளையைத் தண்ணீர் தெளித்து உடனே மறுபடியும் ஆடவிடும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. அதை நிறுத்தும்படி பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் நீங்கள் சொன்னால் கேட்பார்கள். தயவுசெய்து சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை, ராகலை

கேள்வி: என் பேரன் இணையத்திலிருந்து எடுத்துத்தந்த குறிப்புகளைக் கொப்பியில் எழுதிவைத்திருக்கிறேன். ஒரு குறிப்பில் அந்த அணியின் மேர்க்கியூரி மொரிஸ் 991 யார்ட் ஓடினார் என்றும், இன்னொன்றில் 1,000 என்றும் இருக்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் ஒரு காலத்தில் சரியாக இருந்தவை. ஒரு பருவகாலத்தில் 1,000 யார்ட் ஓடுவது ஓட்டக்காரர்களுக்குப் பெரும் கௌரவம். ஸொங்கா 1,117 யார்ட் ஓடி அதைத் தாண்டிவிட்டார். மொரிஸ் கடைசிப் போட்டி முடிந்தபோது 991இல் நின்றார். 9 யார்ட் குறை.

அப்போது ஒரு பழைய கணக்கு ஞாபகத்துக்கு வந்தது. பஃபலோவுடன் நவம்பரில் நடந்த போட்டியில், மோரல் பின்புறமாகத் தள்ளிவிட்ட பந்து பிசகிப்போக, அதை மொரிஸ் ஓடிப்போய் எடுத்திருந்தார். அதில் இழந்த 9 யார்ட்டை அன்று கணக்கெழுதியவர்கள் மொரிஸின் ஓட்டத்தில் கழித்துவிட்டார்கள். அணி கேட்டுக்கொண்டதன்பேரில் லீக் அந்தப் படச்சுருளைத் திரும்பப் பார்த்தது. பிழை மோரலுடையது, ஓடியவரின் கணக்கில் அதை ஏற்றக்கூடாது என்று தீர்மானித்து 9 யார்ட்டையும் திருப்பிக் கொடுத்தது. இவ்வாறு ஒரே அணியில் இருவர் 1,000 யார்ட் எட்டியது அந்த லீக்கில் அதுவே முதல் தடவை. உங்கள் கொப்பியில் 991ஐ வெட்டிவிட்டு, சரியாக 1,000 என்று எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.